பிளேக்கு நோயைத் தடுத்து நின்ற டாக்டர் வூ லியென்-தே



கடல் கடந்து பொருள் தேடச் சென்ற நம் முன்னோருட் பலர், அக்கரையிற் கால் வைத்த அன்றே தாம் நாடிய ஊரை அடைந்தாரல்லர். நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்குத் துறையைச் சேர்ந்த தளத்துப் பிரயாணிகள், நகருக்குள் விடப்படுமுன் ஜெரெஜாக் என்னும் சிறு தீவில் இறக்கப்பட்டுக் காவலில் வைக்கப்படுவது அக்காலத்து வழக்கம். இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டோர் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டனர். இதற்குக் குவாரண்டைன் என்று பெயர். தொற்றுத்தடைக் காவல் என்று தமிழிற் கூறலாம்.

இக்காவல் யாருக்கும் இனியதன்று. குற்றம் செய்யாதவனை அடைத்து வைக்கின்றது; தாயையும் பிள்ளையையும் பிரிக்கின்றது; அன்றாடங் கூலிக்காரனுடைய வயிற்றில் அடிக்கின்றது. ஆயினும், நாடெங்கும் கொள்ளைநோய் பரவுங் காலத்தில் இதனையன்றி வேறு அரண் இல்லாமற் போவதும் உண்டு. ஆகவே, எப்பொழுது காவலிடுவது, எவ்வளவு இடுவது, எப்பொழுது எடுப்பது என்பவற்றை அரசினர்க்கு எடுத்துரைக்கும் வைத்தியருடைய பொறுப்பு மிகப் பெரிது. அவர் கையிற் படையில்லை; பணமில்லை; சொல் ஒன்றே உண்டு. அச்சொல் தவறினால் ஆயிரக்கணக்கான உயிர் போம். அச்சொல்லைச் சோதித்தறியாமற் கூறினால் ஜனங்கள் படும் துன்பமெல்லாம் வீணாம்.

அத்தகைய பொறுப்பை ஏற்று, சொன்ன சொல்லைத் தம் உயிரையே பணயமாக வைத்து மெய்ப்பித்தவர் ஒருவர், நம்மவர் பலரும் போய் இறங்கிய அந்தப் பினாங்கிலேயே பிறந்தார். அவரே டாக்டர் வூ லியென்-தே என்னும் சீனர். அவர்தம் சரித்திரத்தை நம் சங்கத்துக் குடும்பத்தார் அறிதல் நலமென்று கருதி ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

வூ லியென்-தே 1879ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 10ஆம் தேதி பினாங்கு நகரிற் பிறந்தார். இவர் தந்தையார் சீனத்தின் தென்பகுதியாகிய குவாங்டுங் மாகாணத்திலிருந்து பிழைக்க வந்தவர், பொன்வேலை செய்பவர். தாயார் மலாய் நாட்டிலேயே பிறந்த சீனக் குடும்பத்துப் பெண்மணி. பிள்ளைகள் பலர் நிறைந்த அக்குடும்பத்திற் செல்வம் பெருகியிருக்கவில்லை. ஆயினும் பொற்கொல்லர் வீட்டில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எவர் கொண்டுவந்து கொடுத்தாலும், எத்துணை உயர்ந்த பொன் என்று கூறினாலும், கல்லில் உரைத்து மாற்றுப் பார்த்த பின்னரே அவர்கள் அதனை ஒப்புக்கொள்வர். தந்தையாரின் இத்தொழில் நெறி மகனாருடைய வாழ்வில் எங்ஙனம் விளங்கிற்று என்பதைப் பின்னே காண்போம்.

பினாங்கு பிரீ ஸ்கூல் என்னும் பாடசாலையிற் கற்ற இவர், 1896-இல் இராணியார் பெயரால் வழங்கப்பட்ட உபகாரச் சம்பளத்தைப் பரீட்சையில் வென்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் எம்மானுவேல் கல்லூரியிற் சேர்ந்து, அங்கு வைத்தியம் பயின்ற முதற் சீனர் என்னும் பெயர் பெற்றார். பின்னர் லண்டனில் ஸெயின்ட் மேரி வைத்தியசாலையிற் பயின்றார். அதன் பின் லிவர்பூலில் ரொனால்டு ராஸ் என்பாரிடமும், ஜெர்மனியில் ஹாலே நகரிலும், பாரிஸில் பாஸ்டர் நிலையத்திலும் கிருமி சாஸ்திரம் கற்றார். மலேரியாவுக்குக் கொசுவே காரணம் என்பதைச் செகந்தராபாத்தில் ஆராய்ந்து கண்டவர் இந்த ராஸ் துரையே என்பது நம் நாட்டார் அறிந்தது.

இத்துணைக் கல்வியுடன் 1903-இல் ஊர் திரும்பினார். ஆனால் அக்காலத்துப் பிரிட்டிஷ் வைத்திய இலாகாவில் மேற்பதவிகள் ஐரோப்பியர்க்கே உரியனவாக இருந்தன. சிலகாலம் கோலாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ந்துவிட்டு, பினாங்கிலேயே சொந்தமாக வைத்தியத் தொழில் தொடங்கினார்.

அபினியை எதிர்த்தது

அக்காலத்தில் மலாய் நாட்டுச் சர்க்காருக்கு அபினி விற்பனையால் வந்த வருமானம் மிகப் பெரிது. சுரங்கத்திலும் துறைமுகத்திலும் உழைத்த சீனக் கூலிகள் தாம் ஈட்டியதை அபினிக் கடையில் இழந்து உடம்பும் அழிந்தனர். இதனைக் கண்ட வூ, பினாங்கில் அபினி எதிர்ப்புச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1906-இல் ஈப்போ நகரில் ஒரு மகாநாட்டைக் கூட்டுவித்தார்.

இதனால் அவருக்குப் பகைவர் பலராயினர். 1907-இல் அவர் மருந்துச்சாலை சோதனையிடப்பட்டது. வைத்தியத்துக்கென முன்பு வாங்கி வைத்திருந்த சிறிதளவு அபினிச் சாறு அங்கே அகப்பட்டது. அபினியை எதிர்த்தவர்மீதே அபினி வைத்திருந்த குற்றம் சாட்டி அபராதமும் விதித்தனர். மேல் விசாரணையும் பயன்படவில்லை. பிறந்த ஊரிலேயே மானபங்கம் நேர்ந்த அச்சமயத்தில், சீன தேசத்தின் பெருந்தலைவர்களுள் ஒருவராகிய யுவான் ஷிகாய் அனுப்பிய அழைப்பு வந்து சேர்ந்தது. அதனை ஏற்று, டியன்ட்ஸின் நகரிலிருந்த இராணுவ வைத்தியக் கல்லூரிக்கு உபதலைவராக 1908-இல் அமர்ந்தார். சீனரே ஆயினும், அந்நாட்டு அரசாங்க மொழியை வயது வந்த பின்னரே பயிலத் தொடங்கியவர் இவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஹார்பினில் மூண்ட கொள்ளைநோய்

நிற்க. 1910ஆம் வருஷக் கடைசியில் வடசீனத்தின் மஞ்சூரியா நாட்டில் ஒரு கொடிய நோய் மூண்டது. காய்ச்சல் கண்டு, இருமி, இரத்தங் கக்கி, ஓரிரு நாளில் ஜனங்கள் மாண்டனர். நோய் கண்டவருட் பிழைத்தவர் அநேகமாக எவரும் இல்லை. மங்கோலியப் பக்கத்துப் புல்வெளிகளில் தர்பகான் என்னும் பிராணி உண்டு. வளையில் வாழும் அணில் இனத்தைச் சேர்ந்த இதன் மயிர்த்தோலுக்கு ஐரோப்பாவில் விலை ஏறவே, பழக்கமில்லாத கூலிகள் பதினாயிரக்கணக்கில் வேட்டைக்குப் புறப்பட்டனர். நோயுற்ற பிராணியைத் தொட்டவரிடத்தில் தோன்றிய நோய், நெருக்கமான சத்திரங்களிலும் ரயில் வண்டிகளிலும் ஒருவர் மூச்சினின்று மற்றொருவர்க்குத் தாவியது.

மஞ்சூரியா சீனத்துக்கு உரியதேனும், அங்குள்ள இரும்புப்பாதைகளில் ஒன்று ருஷியர் வசமும் மற்றொன்று ஜப்பானியர் வசமும் இருந்தன. சீன அரசினர் நோயை அடக்காவிடின், அதனையே காரணமாகக் காட்டி அவ்விரு தேசத்தாரும் நாட்டிற் புகுந்துவிடுவர் என்ற பயம் பீக்கிங்கில் எழுந்தது. ஆகவே வெளிநாட்டு இலாகாவைச் சேர்ந்த ஷி ஜாவோஜி என்னும் அதிகாரி, தாம் முன்னரே அறிந்திருந்த வூவைத் தெரிந்தெடுத்து அனுப்பினார். அவருக்கு அப்பொழுது வயது 31. ஒரு மாணவரைத் துணைக்கொண்டு, பூதக்கண்ணாடியும் சில கருவிகளும் எடுத்துக்கொண்டு, 1910 டிஸம்பர் 24ஆம் தேதி ஹார்பின் நகரை அடைந்தார். அந்நகரின் சீனப் பகுதியாகிய பூஜியாதியன் என்னும் இடத்தில் சுமார் 24,000 பேர் வசித்தனர். வைத்தியசாலை என்று சொல்லத்தக்கது அங்கே இல்லை.

உரைத்துப் பார்த்த உண்மை

டிஸம்பர் 27ஆம் தேதி, சத்திரம் நடத்திவந்த ஜப்பானியப் பெண்ணொருத்தி இந்நோயால் இறந்தாள். பிரேதத்தை அறுத்துச் சோதித்தல் சீனர் வழக்கத்துக்கு முற்றும் மாறானது. ஆயினும் நோயின் காரணத்தை அறிய வேறு வழியின்மையால், வூ அவ்வீட்டிலேயே மறைவாகச் சோதனை நடத்தி, நுரையீரல் முதலிய உறுப்புகளினின்று சிறு துண்டுகள் எடுத்தார். அவற்றைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கையில் பிளேக்குக் கிருமி நிறைந்து கிடந்தது. உள்ளூர் அதிகாரிகளையும் அழைத்து அவர்கள் கண்ணாலேயே பார்க்கச் செய்தார். பொன்னின் மாற்றைக் கொண்டுவந்தவன் கண்முன்னே காட்டும் பொற்கொல்லர் வழக்கம் இதுவன்றோ!

பிளேக்கு என்பது எலியினாலும் எலியின் தெள்ளுப்பூச்சியினாலும் பரவுவது என்பதே அக்காலத்து வைத்தியர் கொள்கை. 1896 முதற் பம்பாயில் மூண்டு நம் தேசத்தில் இலட்சக்கணக்கானவரை மாய்த்தது அவ்வகை நெறிகட்டும் பிளேக்கே. ஆனால் ஹார்பினில் எலிகளைப் பிடித்துச் சோதித்ததில் அவற்றிற் கிருமி காணப்படவில்லை. கடுங்குளிரில், பூட்டிய அறைக்குள், மனிதரிடமிருந்து மனிதருக்கே நோய் பரவிற்று. ஆகவே இது நுரையீரலைப் பற்றும் பிளேக்கு என்றும், இருமலும் மூச்சுமே இதன் வாகனம் என்றும், எலியை வேட்டையாடுவதை விடுத்து மனிதர் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதே செய்யத்தக்கது என்றும் பீக்கிங்குக்குத் தந்தி கொடுத்தார். வைத்தியரும் ஏவலாளரும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சல்லாத்துணியின் மடிப்புக்குள் பஞ்சை வைத்து ஒரு முகமூடியையும் அமைத்தார்.

மெஸ்னி என்னும் வைத்தியர் முடிவு

இக்கருத்தைப் பலர் ஒப்பவில்லை. டியன்ட்ஸின் நகரத்து வைத்தியக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த மெஸ்னி என்னும் பிரெஞ்சு வைத்தியர், வயதிலும் அனுபவத்திலும் வூவுக்கு மூத்தவர். அவர் 1911 ஜனவரித் தொடக்கத்தில் ஹார்பினுக்கு வந்தபோது, வூ தம் ஆராய்ச்சியைப் பணிவுடன் எடுத்துக் கூறினார். மெஸ்னியோ சினங்கொண்டு, சீனர் ஒருவர் தமக்குப் பாடஞ் சொல்ல வருவதா என்னுங் கருத்துப்பட இழிவாகப் பேசினார். வூ வாதாடவில்லை. இருவர் தலைமையில் ஒரு வேலை நடவாது என்பதை உணர்ந்து, தம்மை விடுவிக்குமாறு பீக்கிங்குக்குத் தந்தி அடித்தார். அரசினர் ஆராய்ந்து, வூவையே நிலைநிறுத்தினர்.

சில நாளில் மெஸ்னி, முகமூடி அணியாமலே ருஷியர் வைத்தியசாலைக்குச் சென்று நோயாளிகளைச் சோதித்தார். நோய் அவரைப் பற்றிற்று. ஜனவரி 11ஆம் தேதி மாண்டார். இவரை மூடர் என்று நாம் இகழ்தல் தகாது. பிற இடங்களிற் பிளேக்கை எதிர்த்துப் போராடியவர். தாம் கற்றதை நம்பியவர். முன்பு ஓரிடத்தில் மெய்யாயிருந்தது இவ்விடத்தும் மெய்யோ என்று மறுபடி உரைத்துப் பாராமை ஒன்றே அவர் பிழை. அவருடைய மரணத்தால் நகரமே நடுங்கிற்று. அதன் பின் முகமூடி அணியாதவரை வீதியிற் காண்பது அரிதாயிற்று. 2020ஆம் வருஷத்திற் கொரோனா நோய் வந்தபோது உலகெங்கும் அணிந்த முகக்கவசங்களுக்கு அச்சல்லாத்துணி முகமூடியும் ஒரு முன்னோடியாகும்.

தடைக்காவலின் ஏற்பாடுகள்

அரசினர் இப்பொழுது வூவின் சொற்படி முழுதும் நடக்கலாயினர். பூஜியாதியன் நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்தார்க்கும் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் எனத் தனி நிறத்துச் சின்னம் அளித்து, அனுமதிச் சீட்டின்றி வேறு வட்டாரம் செல்லலாகாதென விதித்தனர். ஊரைச் சுற்றிச் சுமார் 1,160 சிப்பாய்கள் காவல் நின்றனர். நாடோறும் வீடுகள் சோதிக்கப்பட்டன. நோய் கண்டவர் வைத்தியசாலைக்கும், அவருடன் பழகியவர் தனியிடத்துக்கும் அனுப்பப்பட்டனர். தனியிடம் போதாமையால் ருஷிய ரயில்வேயாரிடம் 120 சரக்கு வண்டிகளை இரவலாகப் பெற்று, கணப்பு மூட்டி, அவற்றில் ஜனங்களை வைத்து, தினந்தோறும் உடற்சூட்டைப் பார்த்தனர். சுரம் இல்லாதவர் குறித்த நாட்கள் கழிந்தபின் விடப்பட்டனர். சீனர் வருஷப் பிறப்பு நெருங்கியதால், ஆயிரமாயிரங் கூலிகள் ரயிலேறித் தென்னாட்டுக்குத் திரும்ப இருந்தனர். அவர்களோடு நோயும் போகாவண்ணம் ரயில் போக்குவரத்தையும் நிறுத்துவித்தனர்.

இவற்றாற் குடிகள் பட்ட துன்பத்தை மறைத்தல் நேர்மையன்று. வைத்தியசாலைக்குட் போனவர் மீளவில்லை. அந்நோய்க்கு அக்காலத்து மருந்தே கிடையாது. ஆகவே ஜனங்கள் நோயாளிகளை ஒளித்தனர். இறந்தவரை இரவில் வீதியில் எறிந்தனர். தனியே பிரித்தல் நோயாளியைப் பிழைப்பிக்கவன்று, அவரைச் சூழ்ந்தவரைப் பிழைப்பிக்கவே என்பதை அவர்கட்கு விளங்க வைப்பது எளிதாக இல்லை. வைத்தியரும் மாணவரும் சிப்பாய்களும் தாங்களே அந்நோயிடை நின்று, அவருட் பலர் மாண்டும் போனதைக் கண்ட பின்னரே, ஏவுகின்றவர் தம்மை விலக்கிக்கொண்டு ஏவவில்லை என்பதை ஊரார் உணர்ந்தனர்.

பிரேதங்களை எரித்தது

அரசினர்க்கு அவர் கூறிய ஆலோசனைகளுள் மிகக் கடினமானது ஒன்று எஞ்சியிருந்தது. குளிரால் நிலம் கல்லாய் உறைந்துவிட்டமையாற் குழி தோண்ட இயலவில்லை. இடுகாட்டில் 2,000-க்கு மேற்பட்ட பிரேதங்கள், பெட்டியிலும் பெட்டியின்றியும், புதைக்கப்படாமற் குவிந்து கிடந்தன. பனி உருகுங் காலம் வந்தால் அவற்றினின்று மீண்டும் கேடு விளையும் என்று வூ அஞ்சினார். எரித்துவிடுவதே வழி.

நமக்குப் பிரேத தகனம் பழகிய சடங்கு. சீனர்க்கோ அது பெரும் பாதகமாகத் தோன்றுவது. மூதாதையரை மண்ணில் அடக்கி வழிபடுவதே அவர்கள் தர்மம். உள்ளூர் அதிகாரி எவரும் தம் பொறுப்பில் அதற்கு இசையத் துணியவில்லை. வூ அவர்களை இடுகாட்டுக்கே அழைத்துச் சென்று காணச் செய்தார். பின் அரச ஆணையை வேண்டி விண்ணப்பம் அனுப்பினார். சிறு குழந்தையாகிய சக்கரவர்த்தியின் பெயரால் ஆட்சி நடந்த காலம் அது. ஆணை வந்து சேர்ந்தது. சீனப் புத்தாண்டுக்கு மறுநாள், 1911 ஜனவரி 31ஆம் தேதி, சுமார் 2,200 பிரேதங்கள் எரிக்கப்பட்டன.

அன்று முதல் அந்நகரில் மரணத் தொகை குறையலாயிற்று. மார்ச்சு 1ஆம் தேதிக்குப் பின் புதிய நோயாளி எவரும் இல்லை. பூஜியாதியனில் மாத்திரம் 5,000-க்கு மேற்பட்டோரும், நாடு முழுதும் சுமார் 60,000 பேரும் இறந்தனர். ஆயினும் நோய் சீனத்தின் பிற மாகாணங்களிலும் கடலுக்கப்பாலும் பெருகிப் பரவாமல் தடுக்கப்பட்டது.

மகாநாடும் பிற்காலப் பணிகளும்

அவ்வருஷம் ஏப்ரல் 3 முதல் 28 வரை, இப்பொழுது ஷென்யாங் எனப்படும் முக்டென் நகரில் சர்வதேச பிளேக்கு மகாநாடு கூடியது. பதினொரு தேசத்து வைத்தியர்கள் வந்திருந்தனர். பிளேக்குக் கிருமியைக் கண்டவருள் ஒருவராகக் கருதப்படும் ஜப்பானியர் கிடசாட்டோவும் அவர்களுள் இருந்தார். அச்சபைக்கு அக்கிராசனராக அமர்ந்தவர் 32 வயதினராகிய வூ லியென்-தேயே. பினாங்கில் மேற்பதவி மறுக்கப்பட்டவரது தலைமையில் உலகத்து மேதாவிகள் கூடினர்.

1912-இல் சீனத்திற் குடியரசு ஏற்பட்டது. ஆட்சி மாறியும் அவர் பணி மாறவில்லை. வடமஞ்சூரியப் பிளேக்குத் தடுப்பு இலாகாவை அமைத்து அதனை நடத்தினார். 1915-இல் சீன வைத்திய சங்கத்தைத் தோற்றுவித்தவருள் முதன்மையானவர் இவர். பீக்கிங்கில் ஒரு பெரிய வைத்தியசாலை 1918-இல் எழுவதற்கும் காரணராயினார். 1920-இல் மஞ்சூரியாவிற் பிளேக்கு இரண்டாம் முறை மூண்டது. அப்பொழுது பயின்ற வைத்தியரும் ஏற்பாடுகளும் முன்னரே இருந்தமையால், இறந்தவர் தொகை பதினாயிரத்துக்குள் அடங்கிற்று. முதன் முறை 60,000 என்பதை நினைந்தால், நோயில்லாக் காலத்தும் இலாகாவைக் கலையாமல் வைத்திருந்ததன் பயன் தெளிவாகும்.

இன்னும் ஒரு குறை இருந்தது. சீனத் துறைமுகங்களிற் கப்பல்களைச் சோதித்துத் தடைக்காவலிடும் அதிகாரம் நெடுங்காலம் அந்நியர் நடத்திய சுங்க இலாகாவிடம் இருந்தது. தன் வாசலை நோயினின்று காக்கும் உரிமையும் தனக்கில்லாத வீடுபோல் அத்தேசம் இருந்தது. இதனை மாற்றவேண்டுமென்று வூ பல்லாண்டுகள் வற்புறுத்தினார். சர்வதேச சங்கத்துச் சுகாதாரப் பகுதியாரும் துணை நின்றனர். 1930 ஜூலை 1ஆம் தேதி ஷாங்காய் நகரைத் தலைமையாகக் கொண்டு தேசியக் குவாரண்டைன் இலாகா ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் இவரே. துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் வசமாயின. நுரையீரற் பிளேக்கைப் பற்றி இவர் இயற்றிய பெருநூலைச் சர்வதேச சங்கத்தார் 1926-இல் வெளியிட்டனர். 1935-இல் நோபெல் பரிசுக்கும் இவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை.

இறுதிக் காலம்

1937-இல் ஜப்பானியர் ஷாங்காயைத் தாக்கினர். அவ்வருஷமே இவருடைய மனைவியாரும் காலமானார். முப்பதாண்டு உழைத்துக் கட்டியவை சிதறின. வூ தாம் பிறந்த மலாய் நாட்டுக்குத் திரும்பி, ஈப்போ நகரில் ஒரு சாதாரண வைத்தியராக அமர்ந்தார். தேசங்களுக்கு ஆலோசனை கூறியவர், கடைவீதி மனிதரின் நாடியைப் பார்த்து மருந்து கொடுப்பதிற் சிறிதும் நாணவில்லை. அங்குப் பொது நூல்நிலையம் ஏற்படவும் பொருள் திரட்டி உதவினார். 1959-இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1960 ஜனவரி 21ஆம் தேதி, தம் 80ஆம் வயதில், பினாங்கில் உயிர் நீத்தார்.

முடிவுரை

அன்பர்களே! இப்பெரியார் சரித்திரத்தில் நாம் கொள்ளத்தக்கது யாது? அரசினர்க்கு இனியவற்றைக் கூறுவார் பலர். கசப்பாயினும் வேண்டியதைக் கூறுவார் சிலர். அக்கசப்பு மெய்யாகவே வேண்டியதுதானா என்று முதலில் தாமே சோதித்தறிந்து, அறிந்ததைப் பிறர்க்கும் காட்டி, அதன் துன்பத்திலும் பங்குகொண்டு நின்று கூறுவார் மிகச் சிலர். வூ லியென்-தே அச்சிலருள் ஒருவர். ஊரை அடைக்கச் சொன்னவர் அவ்வூருக்குள்ளேயே இருந்தார். பிரேதங்களை எரிக்கச் சொன்னவர் அச்சிதைகளின் முன் நின்றார். அதனாலேயே அவர் சொல் ஏறிற்று.

வைத்தியமும் சுகாதார உத்தியோகமும் பயிலும் நம் சங்கத்து இளைஞர்களும் யுவதிகளும் இதனை மனத்திற் கொள்வார்களாக. ஒருநாள் உங்கள் சொல்லைக் கேட்டு ஓர் ஊர் தன் கதவை அடைக்க நேரிடலாம். அந்நாளில் அச்சொல் உரைகல்லில் ஏறிய பொன்னாக இருப்பதாக.